ரத்தம் என்று ஒரு சொல், அதிலிருந்து நாற்பது: தமிழ் மீடியத்திலிருந்து லேப், நர்சிங் படிக்க வருகிறவர்களுக்கு

பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு லேப் டெக்னீஷியன், நர்சிங், பார்மசி என்று ஏதோ ஒன்றில் சேர்ந்திருக்கிறீர்கள். முதல் வாரம் வகுப்பில் உட்கார்ந்து, எல்லாரும் தலையாட்டுகிறார்களே என்று நீங்களும் ஆட்டிவிட்டு, ஒன்றும் புரியாமல் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். தங்கச்சிமடத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ராமநாதபுரம் போய் லேப் டிப்ளமோ படித்தவள் நான். முதல் வருஷம் ரத்தம் பற்றிய பேப்பரில் பெயில்.

எப்படிப் போனது என்று சொல்லிவிடுகிறேன். ‘ஹீமோஸ்டாசிஸ்’ பற்றி எழுதுக என்று பத்து மார்க் கேள்வி ஒன்று. அடிபட்டால் வழிகிற ரத்தம் எப்படி நிற்கிறது என்பதுதான் கேட்டது. நான் அதை ‘ஹோமியோஸ்டாசிஸ்’ என்று வாசித்துவிட்டு, உடம்பு தன் வெப்பத்தையும் சர்க்கரையையும் எப்படி ஒரே நிலையில் வைத்துக்கொள்கிறது என்று மூன்று பக்கம் எழுதினேன். படம் வேறு போட்டேன், ஸ்கெட்ச் பேனாவில் அம்புக்குறியோடு. பூஜ்யம். ஆறு மார்க்கில் பேப்பர் போயிற்று. அரியர் எழுத ஆறு மாதம் காத்திருந்தேன்.

“எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணும்மா, வேற வழி இல்ல” என்றுதான் கல்லூரியில் சொன்னார்கள். வேறு வழி இருக்கிறது: நீளச் சொல்லை வேர் வேராக ஒடித்துப் படிப்பது. கீழே எழுதியிருப்பது அதுதான்.

1. கையில் என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

இருநூறு பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று, நான் வாங்கியபோது 70 ரூபாய். பாக்கெட் அளவு மருத்துவ அகராதி ஒன்று. புதிதாக வாங்க வேண்டாம். மதுரையில் பழைய புத்தகக் கடையில் 150 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது, அட்டை மட்டும் கிழிந்திருந்தது. வாங்கும் முன் ஒரு விஷயம் பாருங்கள்: சொல்லுக்குப் பக்கத்தில் அது எந்த வேரிலிருந்து வந்தது என்று அடைப்புக்குள் போட்டிருக்க வேண்டும். அது இல்லாத அகராதி சும்மா கொடுத்தாலும் நமக்கு வேண்டாம்.

அடுத்தது காகிதங்கள். உங்கள் கோர்ஸின் சிலபஸ், கடைசி மூன்று வருஷக் கேள்வித்தாள், பாடப்புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல் அட்டவணை. இந்த மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்றாலும் ஐம்பது அறுபது ரூபாயில் முடிந்துவிடும். அதோடு உங்கள் வீட்டு பீரோவில் கிடக்கும் பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். அவைதான் பின்னால் பயிற்சித்தாள்.

மொத்தம் 300 ரூபாய்க்குள். ஒரு அரியர் பேப்பருக்கு நான் கட்டிய பீஸ் இதைவிட அதிகம்.

எதற்குச் செலவழிக்கக் கூடாது என்பதையும் சொல்கிறேன். ‘மெடிக்கல் இங்கிலீஷ்’ என்று போர்டு பார்த்து ஒரு இடத்தில் 4,500 ரூபாய் கட்டினேன். இரண்டு மாதம், சனி ஞாயிறு. ஹவ் ஆர் யூ, ஐ ஆம் பைன் தேங்க் யூ. கடைசி வாரம் சர்ட்டிபிகேட். அந்தச் சர்ட்டிபிகேட்டை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நமக்கு அடைப்பு இருப்பது பேச்சு இங்கிலீஷில் இல்லை. பாடப்புத்தகத்துச் சொற்களில் பெரும்பாதி இங்கிலீஷே கிடையாது, கிரேக்கமும் லத்தீனும். இங்கிலீஷ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகளுக்கும் அவை புதுசுதான். இது தெரிந்த அன்றைக்கு எனக்குப் பாதி பயம் போயிற்று.

2. ஒரே ஒரு வேரைப் பிடியுங்கள்

ஆளுக்கு ஆள் முந்நூறு வேர் உள்ள பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். திறக்காதீர்கள். முதல் பத்து நாள் ஒரு வேர் போதும். நான் பிடித்தது ‘ஹைமா’. கிரேக்கத்தில் ரத்தம் என்று அர்த்தம். லேப், நர்சிங் இரண்டிலும் நிறையப் பிள்ளை பெற்ற வேர் இது.

இது எப்படி வேலை செய்கிறது என்று நம் கடற்கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய், பேய்க்கணவாய். மூன்றையும் யாரும் தனித்தனியாக மனப்பாடம் செய்ததில்லை. கணவாய் என்றால் என்னவென்று தெரியும். ஊசி மாதிரி நீளமாக இருந்தால் ஊசிக்கணவாய், உள்ளே ஓடு இருந்தால் ஓட்டுக்கணவாய், எட்டுக் காலைப் பரப்பிக்கொண்டு பேய் மாதிரி கிடந்தால் பேய்க்கணவாய். கிரேக்கச் சொற்களும் இதே கணக்குத்தான். ‘ஹைமா’ கணவாய். முன்னால் ஒட்டுவது ஊசியும் ஓடும் பேயும்.

இந்த வேர் மூன்று வேஷத்தில் வரும். சொல்லின் முன்னால் வந்தால் ‘ஹீமோ’ அல்லது ‘ஹெமட்டோ’. கடைசியில் வந்தால் ‘எமியா’. ஹீமோகுளோபினில் இருப்பதும் அனீமியாவில் இருப்பதும் ஒரே ரத்தம்தான் என்று எனக்கு ஒன்றரை வருஷம் கழித்துத்தான் உறைத்தது. உங்களுக்கு இந்த வரியிலேயே உறைத்துவிட்டதால் ஒன்றரை வருஷம் மிச்சம்.

நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்து நடுவில் ‘ஹைமா = ரத்தம்’ என்று எழுதுங்கள். இடது பக்கம் ‘ஹீமோ’வில் தொடங்குபவை, வலது பக்கம் ‘எமியா’வில் முடிபவை. பாடப்புத்தகத்தின் சொல் அட்டவணையைப் பார்த்து நிரப்புங்கள். எனக்கு முதல் நாளே நாற்பதைத் தாண்டியது.

3. வாலிலிருந்து படியுங்கள்

நான் செய்த பெரிய தப்பு, சொல்லை முன்னாலிருந்து படித்தது. சொல்லின் கடைசித் துண்டுதான் ‘இது என்ன விஷயம்’ என்பதைச் சொல்லும். முன் துண்டு ‘எந்த மாதிரி’ என்பதைச் சொல்லும். மீன்வலை என்றால் வலை. வலைமீன் என்றால் மீன். இடம் மாறினால் பொருள் மாறும் என்பது நமக்குப் பழகியதுதான்.

இதற்கு எனக்குப் பிடித்த ஜோடி ஹீமட்டூரியாவும் யூரீமியாவும். இரண்டிலும் ரத்தமும் சிறுநீரும்தான் இருக்கின்றன. ஹீமட்டூரியாவின் வாலில் இருப்பது ‘யூரியா’, உரத்து யூரியா இல்லை, சிறுநீர் என்று அர்த்தம். ஆக சிறுநீரில் ரத்தம் வருகிறது. யூரீமியாவின் வாலில் ‘எமியா’. சிறுநீரில் போக வேண்டிய கழிவு ரத்தத்தில் தேங்கிவிட்டது, கிட்னி சரியாக வேலை செய்யவில்லை. முதலாவதற்குச் சிறுநீர் பாட்டிலைப் பார்க்க வேண்டும், இரண்டாவதற்கு ரத்தம் எடுத்து வைத்த குழாயைப் பார்க்க வேண்டும்.

‘எமியா’ வரிசையில் அடிக்கடி வருபவை இவை. அனீமியா: ‘அன்’ என்றால் இல்லை. எழுத்துக்கு எழுத்து எடுத்தால் ‘ரத்தமின்மை’, நடைமுறையில் ஹீமோகுளோபின் குறைவு, நம்முடைய ரத்தசோகை. லுக்கீமியா: ‘லூக்கோஸ்’ வெள்ளை. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய். செப்டிசீமியா: அழுகலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, கிருமி ரத்தத்தில் ஏறியது. இஸ்கீமியா: தடுத்து நிறுத்துவது, ரத்தம் போய்ச் சேரவில்லை. இதய நோயாளிகளின் ரிப்போர்ட்டில் ‘இஸ்கீமிக்’ என்று இருப்பது இதுதான். பாலிசைத்தீமியா: ‘பாலி’ பல, ‘சைட்’ அணு. ரத்தத்தில் அணுக்கள் அளவுக்கு மேல்.

தலசீமியாவுக்கு வந்தபோது நான் அகராதியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ‘தலஸ்ஸா’ என்றால் கடல். கடல் ரத்தம். மத்தியதரைக் கடலைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்களிடம் முதலில் அதிகம் பார்த்ததால் அந்தப் பெயர். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிற ஹீமோகுளோபின் குறைபாடு, கடலுக்கும் அதற்கும் நோய் முறையில் சம்பந்தமில்லை. ஆனால் தங்கச்சிமடத்துக்காரிக்கு அந்தச் சொல் மறக்குமா?

4. கூட ஒட்டும் துண்டுகள்

ஹைமா பழகிய பிறகு, அதோடு ஒட்டி வரும் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டும் இன்னொரு கூட்டத்துக்குக் கதவு.

‘சைட்’ என்றால் அணு. எரித்ரோ சிவப்பு, லூக்கோ வெள்ளை, த்ராம்போ உறைகட்டி. எரித்ரோசைட், லூக்கோசைட், த்ராம்போசைட். முதல் இரண்டும் பள்ளிக்கூட உயிரியல் புத்தகத்தில் தமிழ் எழுத்திலேயே இருந்தன, நாம்தான் அதை அர்த்தம் கேட்காமல் தாண்டி வந்துவிட்டோம். ‘பீனியா’ என்றால் வறுமை, பற்றாக்குறை. டெங்கு சீசனில் ஊரே பேசும் ‘பிளேட்லெட் இறங்கிடுச்சு’, புத்தகத்தில் த்ராம்போசைட்டோபீனியா. எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனால் அந்தப் பெயர். இவ்வளவு நீளச் சொல்லைப் பார்த்து மிரளாதீர்கள், மூன்றாக ஒடித்தால் உறைகட்டி, அணு, பஞ்சம்.

‘மீட்டர்’ அளவு. ஹீமோசைட்டோமீட்டர், ரத்த அணு எண்ணும் கண்ணாடிக் கட்டம். ‘ப்டிசிஸ்’ துப்புதல், ‘எமெசிஸ்’ வாந்தி. ஹீமாப்டிசிஸ் என்றால் இருமலில் ரத்தம், ஹெமட்டெமெசிஸ் என்றால் வாந்தியில் ரத்தம். வீட்டார் இரண்டையும் ‘வாய் வழியா ரத்தம் வந்துச்சு’ என்றுதான் சொல்வார்கள். நர்சிங் பிள்ளைகள் இதைக் கேட்டுப் பிரித்து எழுத வேண்டும், ஒன்று நுரையீரல் பக்கம், மற்றது வயிற்றுப் பக்கம்.

‘பொயெசிஸ்’ செய்தல், உண்டாக்குதல். ஹெமட்டோபொயெசிஸ் என்றால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உண்டாவது. இங்கிலீஷில் கவிதைக்குச் சொல்கிற ‘போயம்’ இதே வேர், செய்யப்பட்டது என்று பொருள். தமிழிலும் செய்வதிலிருந்துதானே செய்யுள் வந்தது! மனப்பாடப் பகுதிச் செய்யுளைத் திட்டிக்கொண்டே படித்த எனக்கு மஜ்ஜைக்குள் போய் அது கிடைத்தது.

‘ரேஜ்’ என்பது பீறிட்டு வருதல், அதுதான் ஹெமரேஜ். ‘ராய்ட்’ ஒழுகுதல், ஹெமராய்ட். அதாவது மூலம். சொல்லின் மூலத்தைத் தேடிப் போனவள் கடைசியில் அங்கே போய் நின்றேன்.

‘லைசிஸ்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கரைதல், கட்டு அவிழ்தல். ஹீமோலைசிஸ் என்றால் சிவப்பணு உடைவது. புத்தகத்தில் இதை ஐந்து தடவை படித்தேன், மண்டையில் ஏறவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், குழாயை மெஷினில் சுழற்றி எடுத்தேன். மேலே நிற்கும் சீரம், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர், வெளிறிய மஞ்சளாக இருக்க வேண்டும். அது ரோஸ்மில்க் மாதிரி இருந்தது. நான் பாட்டுக்கு அடுத்த வேலைக்குப் போகப் பார்த்தேன். சீனியர் அக்கா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “ஹீமோலைஸ் ஆயிருச்சுடி, திரும்ப எடு” என்றார். மெல்லிய ஊசியில் ரத்தத்தை வேகமாக இழுத்திருந்தேன், போதாக்குறைக்குக் குழாயைக் குலுக்கியும் இருந்தேன். அணு உடைந்து உள்ளே இருந்த சிவப்பு வெளியே வந்துவிட்டது. சிவப்பு மட்டுமா வந்தது? அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியமும் வந்திருக்கும். அப்படியே மெஷினில் போட்டிருந்தால் நல்ல மனுசனுக்குப் ‘ஹைப்பர்கலீமியா’, ரத்தத்தில் பொட்டாசியம் அதிகம் என்று ரிசல்ட் போயிருக்கும்.

அந்த ஹைப்பர்கலீமியாவின் நடுவில் இருக்கும் ‘கலி’ கிரேக்கம் கிடையாது. செடியை எரித்த சாம்பலுக்கு அரபியில் ‘அல்கலி’. அதிலிருந்து பொட்டாசியத்துக்குக் ‘காலியம்’ என்று பெயர் வந்து, அதன் குறியீடும் ‘கே’ ஆனது. எங்கள் வகுப்பில் கீழக்கரைப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். “அல் னு ஆரம்பிச்சாலே தெரியலையா, அது எங்க பக்கத்துச் சொல்லு” என்று ஒரு வாரம் பெருமை அடித்தாள். அவள் சொன்னது சரிதான். முன்னும் பின்னும் கிரேக்கம், நடுவில் அரபி.

5. மாட்டிக்கொள்ளும் இடங்கள்

வேர் தெரிந்துவிட்டது என்ற தெம்பில்தான் தப்பு அதிகம் நடக்கும். இதை அவசரமாகப் படிக்காதீர்கள்.

ஹைப்போவும் ஹைப்பரும்: ‘ஹைப்போ’ கீழே, குறைவு. ‘ஹைப்பர்’ மேலே, அதிகம். காதுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் கேட்கும். நான் முதல் வருஷம் படிக்கும்போது பாம்பனில் இருக்கும் பெரியப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தார்கள். டிஸ்சார்ஜ் தாளில் ‘ஹைப்போகிளைசீமியா’. வீட்டில் படிக்கிற பிள்ளை நான்தானே, நீட்டினார்கள். “சுகர் கூடிப்போச்சாம்” என்று சொல்லிவிட்டேன். பெரியம்மா டீயில் சீனியை நிறுத்தினார், சோற்றைப் பாதியாக்கினார். மாத்திரை மட்டும் அப்படியே ஓடியது. மூன்றாம் நாள் விடியற்காலை பெரியப்பா பனியனைப் பிழியலாம் போல வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிக் கிடந்தார். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா ஓடி வந்து சீனித்தண்ணியைக் கரைத்துக் கொடுத்ததும் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். அந்த அக்கா தாளை வாங்கிப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. ரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போவதுதான் ஹைப்போகிளைசீமியா. சந்தேகம் வந்தால் ஒருமுறை எழுத்துக் கூட்டிப் பாருங்கள்: ‘ஓ’வில் முடிந்தால் ஓட்டாண்டி, கையில் இல்லை. நர்ஸ் அக்கா சொல்லிக்கொடுத்த சூத்திரம்.

சொல் தெரிந்ததாலேயே ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் சொல்லும் வேலையை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள். “டாக்டரைக் கேளுங்க பெரியம்மா” என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஹீமோவும் ஹெமியும்: ‘ஹெமி’ என்றால் பாதி. ஹெமிபிளீஜியா, ஒரு பக்கம் விழுந்துபோகும் வாதம். ரத்தத்தோடு சம்பந்தமில்லாத வேர்.

ஹீமோவும் ஹோமியோவும்: என் பத்து மார்க்கைத் தின்றது. ‘ஹோமியோ’ என்றால் ஒத்தது, ஒரே மாதிரி. ‘ஸ்டாசிஸ்’ நிற்பது, இரண்டுக்கும் பொது.

‘எமியா’, ‘எமிக்’ என்று முடிவதெல்லாம் ரத்தமாகிவிடாது. எபிடெமிக், பாண்டெமிக் இரண்டிலும் இருப்பது ‘டெமோஸ்’, மக்கள். கல்வி உலகத்தைக் குறிக்கும் அகடமியாவும் அந்த வரிசையில் சேராது. அங்கே ரத்தம் வருவது மாணவர்களுக்கு மட்டும்.

‘ஃபிலியா’ விருப்பம். ஹீமோஃபிலியா என்றால் ரத்தப் பிரியம் என்று எழுதி ஒரு தோழி வாங்கிக்கட்டிக்கொண்டாள். ரத்தம் உறையாமல் வழியும் போக்கு என்று கொள்ள வேண்டும். அதே வேர் ஈசினோஃபில் என்ற வெள்ளணுவில் வரும்போது, ஈசின் சாயத்தை விரும்பி ஏற்பது என்று பொருள். ‘ஈயோஸ்’ விடியல். ஸ்லைடில் அந்த அணுவின் பொடிமணிகள் தெரிகிற நிறத்தைப் பாருங்கள், பெயர் ஏன் என்று தெரியும்.

ஹெமட்டாக்சிலின்: இது ரத்தமே இல்லை, ஒரு மரத்தின் கட்டையிலிருந்து வரும் சாயம். ‘சைலான்’ மரம். சைலம், தாவரத்தில் நீர் மேலேறும் திசு என்று ஒன்பதாம் வகுப்பு வாக்கில் படித்தோமே, அதே வேர்.

சைட்டோ அணு, சிஸ்டோ பை. மையோ தசை, மையலோ மஜ்ஜை, மைக்கோ பூஞ்சை. இவற்றை ஒரே நாளில் படிக்காதீர்கள், கலந்துவிடும். இடையில் ஒரு வாரம் விடுங்கள்.

கடைசியாக, ரத்தம் என்றால் சிவப்பு என்ற நினைப்பு. அம்மா நண்டுக் கம்பெனியில் சதை பிரிக்கிற வேலை பார்த்தவர். நான் ‘ஹீமோசயனின்’ என்று சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது என்னவென்று கேட்டார். நண்டு ரத்தத்தில் இருப்பது என்றேன். “நண்டுக்கு ஏதுடி ரத்தம், ஒடச்சா தண்ணிதேன வருது” என்றார். அந்தத் தண்ணிதான் ரத்தம். நமக்கு ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு உள்ள ஹீமோகுளோபின், அதனால் சிவப்பு. நண்டுக்கும் மூன்று வகைக் கணவாய்க்கும் செம்பு உள்ள ஹீமோசயனின். ஆக்சிஜன் ஏறினால் நீலம் தட்டும், இறங்கினால் நிறமில்லை. ‘சயன்’ என்றால் நீலம். இந்தத் துண்டை அப்படியே வைத்திருங்கள், ஆக்சிஜன் போதாமல் உதடும் நகமும் நீலம் பூப்பதற்குச் சயனோசிஸ் என்று வார்டில் சொல்வார்கள். நம் நீலக்கால் நண்டின் ஓட்டு நிறத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள், அது வேறு கதை.

6. ஸ்பெல்லிங்

பாடப்புத்தகம் பெரும்பாலும் பிரிட்டிஷ் முறை, ‘எச்’சுக்குப் பிறகு ‘ஏ, இ’ இரண்டும் வரும். லேப் மெஷின் அடிக்கும் தாள் அமெரிக்க முறை, ‘இ’ மட்டும். இரண்டும் சரி. ஒரே விடைத்தாளில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். ஹெமரேஜ், ஹெமராய்ட் இரண்டிலும் ‘ஆர்’ இரண்டு தடவை, பிறகு ‘எச்’. இதை நோட்டில் சிவப்பு மையால் எழுதுங்கள். ஹீமாப்டிசிஸில் ‘டி’க்கு முன்னால் ஒரு ‘பி’ நிற்கும், எழுதும்போது விட்டால் மார்க் போகும்.

7. வீட்டு ரிப்போர்ட்டை வைத்துப் பழகுங்கள்

பிளாஸ்டிக் கவரை இப்போது எடுங்கள். முதலில் பெயர் இருக்கும் மேல் பகுதியை மடித்துவிடுங்கள். உங்கள் வீட்டாருடையது மட்டும் போதும், அவர்களிடமும் கேட்டுக்கொண்டு எடுங்கள். ஆஸ்பத்திரியில் அடுத்தவர் ரிப்போர்ட்டைப் போனில் படம் பிடித்து வைக்கும் பழக்கம் சில பிள்ளைகளுக்கு இருக்கிறது. பிடிபட்டால் கிளினிக்கல் போஸ்டிங் என்கிற ஆஸ்பத்திரிப் பயிற்சியே போய்விடும்.

முழு ரத்த அணு எண்ணிக்கைத் தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியிலும் ஒளிந்திருக்கும் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு ஆணுக்கு 13 கிராம், பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11 (நடு மூன்று மாதம் மட்டும் 10.5), இதற்குக் கீழே என்றால் அனீமியா என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அடுத்த வரி ஹெமட்டோகிரிட், ‘கிரிட்’ பிரித்தல். ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தால் சிவப்பணு எத்தனை சதவீதம் என்பது. ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய இந்த எண் வர வேண்டும். ரொம்ப விலகியிருந்தால் சாம்பிளிலோ மெஷினிலோ கோளாறா என்று பார்ப்போம், இது லேப்காரர்களின் தினசரிக் கணக்கு. வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை. கீழே போனால் என்ன பெயர்? ‘பீனியா’ போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

அம்மாவின் பழைய ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 9.2 என்று இருந்ததை நான் இப்படிப் பழகும்போதுதான் பார்த்தேன். நான்கு வருஷமாகப் பீரோவில் கிடந்த தாள்.

8. நாள் கணக்கு

நான் அரியருக்குப் படித்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு வீடுகளில் அப்போது வருமானம் இல்லை, ஆனால் வீடு அமைதியாக இருக்கும். அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து அப்பாவுக்குச் சோறு கட்டும் வேலை இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு ரிசல்டுக்கும் அட்மிஷனுக்கும் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் இதே காலம்தான். கல்லூரி திறக்கும் முன்பே ஆரம்பித்தால் முதல் வாரம் நான் ஆட்டின மாதிரி சும்மா தலையாட்ட வேண்டியிருக்காது.

முதல் பத்து நாள் ஹைமா மட்டும். அதற்குப் பிறகு நாளுக்கு ஒரு வேர், ஐந்து சொல். ஞாயிறு புதுசு வேண்டாம், பழசைத் திருப்புங்கள். இருபதாம் நாள் வாக்கில் எல்லாம் குழம்பி, ஒன்றும் நினைவில்லாத மாதிரி இருக்கும். எனக்கும் இருந்தது. அந்த வாரம் புது வேர் எடுக்காமல் பழைய கேள்வித்தாளை எடுத்துச் சொற்களை மட்டும் ஒடித்துப் பாருங்கள், விடை எழுத வேண்டாம்.

வகுப்பு நடக்கும் காலத்தில் என்றால் பஸ் போதும். தங்கச்சிமடத்தில் ஏறினால் பாம்பன் பாலம் வரும் வரை நேற்றைய ஐந்து சொல். பாலத்தில் நோட்டை மூடிவிடுங்கள், எப்படியும் கடலைத்தான் பார்ப்பீர்கள். மண்டபம் தாண்டியதும் இன்றைய ஐந்து. உச்சிப்புளிக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் கூட்டத்தில் நோட்டை விரிக்க இடம் இருக்காது.

ஜூன் 15 காலையில் அப்பா கடலுக்குப் போனபோது என் நோட்டில் 38 வேர் இருந்தது. நடுவில் நான்கு நாள் காய்ச்சல்.